சாமி மாறிய ஊர்: அங்கோர் பயணக் குறிப்புகள்

திங்கள், சியாம் ரீப்

கம்போடியாவுக்கு வந்து சேர்ந்தாயிற்று. புதிய விமான நிலையம் ஊரிலிருந்து வெகு தள்ளி இருக்கிறது. வரும் வழியெல்லாம் வயலும் பனைமரமும்தான். அறையில் பையைப் போட்டுவிட்டு நேரே அங்கோர் கோயில்களுக்கான அனுமதிச் சீட்டு வாங்கப் போனேன். மூன்று நாள் சீட்டு 62 டாலர், ஏழு நாள் சீட்டு 72 டாலர். பத்து டாலர்தான் வித்தியாசம். பெரியதையே வாங்கிக்கொண்டேன்.

இங்கே பெரும்பாலானவர்கள் சூரிய உதயம் பார்க்க வருகிறார்கள். நான் ஒரு கேள்வியோடு வந்திருக்கிறேன். 12-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் விஷ்ணுவுக்கு இவ்வளவு பெரிய கோயில் கட்டிய ஓர் அரசு, அதே நூற்றாண்டு முடிவதற்குள் போதிசத்துவர்களையும் வணங்கும் மகாயான பௌத்தத்துக்கு மாறியது. அடுத்த நூற்றாண்டில் யாரோ புத்தர் உருவங்களை உளி வைத்துச் செதுக்கி எடுத்தார்கள். அதற்கும் அடுத்த நூற்றாண்டில் தேரவாதம் என்ற இன்னொரு பௌத்தப் பிரிவு வந்து நிலைத்தது. இந்த மாற்றங்களைத் தேதியோடு எழுதிப் பார்த்தால், பெரும்பாலானவற்றுக்குப் பக்கத்தில் ஒரு போர் நிற்கிறது. போர் முடிந்த பிறகு கோயிலில் என்ன நடந்தது என்பதைக் கல்லிலேயே பார்க்க வேண்டும்.

செவ்வாய், குலேன் மலை

கதை தொடங்குவது இந்த மலையில். 802-ல் இரண்டாம் ஜெயவர்மன் இங்கே ஒரு சடங்கு நடத்தித் தன்னைச் சக்கரவர்த்தியாக அறிவித்துக்கொண்டான். கம்புஜ நாடு, அதாவது கம்போடியா, இனி 'ஜாவா'வுக்கு அடங்கியது இல்லை என்பதுதான் அந்தச் சடங்கின் நோக்கம். ஹிரண்யதாமன் என்ற பிராமணர் நடத்தி வைத்தார். சிவகைவல்யன் என்ற புரோகிதருக்கு அந்த மந்திரங்களைக் கற்றுக்கொடுத்து, அவர் வம்சத்தார் மட்டுமே 'தேவராஜ' என்ற அந்த அரச வழிபாட்டைத் தொடர வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார்கள்.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? சுமார் இருநூற்றைம்பது ஆண்டு கழித்து, அதே புரோகித வம்சம் ஸ்டோக் கோக் தோம் என்ற இடத்தில் வெட்டி வைத்த கல்வெட்டிலிருந்து. தங்கள் குடும்பத்தின் உரிமையைத் தாங்களே எழுதி வைத்திருக்கிறார்கள் என்பதை மறக்காமல் அதைப் படிக்க வேண்டும். ஆனாலும் ஒன்று புரிகிறது. விடுதலை பெற்ற அரசனுக்கு வாள் மட்டும் போதவில்லை. இன்னொருவனுக்கு அடங்க வேண்டியதில்லை என்று சொல்ல ஒரு சாமி தேவைப்பட்டது. அந்தச் சாமியைக் கையாளத் தெரிந்த குடும்பம் அரசனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டது.

மலை ஆற்றின் படுகையில் வரிசை வரிசையாக லிங்கங்கள் செதுக்கியிருக்கிறார்கள். கணுக்கால் அளவுத் தண்ணீர் அவற்றின் மேல் ஓடி, கீழே சமவெளிக்கு இறங்குகிறது. நாட்டுக்கே அபிஷேகத் தண்ணீர். சற்றுத் தள்ளி, ஒரு பெரும் பாறையின் உச்சியில் 16-ஆம் நூற்றாண்டில் செதுக்கிய கிடந்த நிலைப் புத்தர். கம்போடியக் குடும்பங்கள் இரண்டுக்கும் ஒரே பயணத்தில் வந்து போகின்றன. லிங்கத்தின் மேல் ஓடும் தண்ணீரைப் பாட்டிலில் பிடிக்கிறார்கள், அப்புறம் படியேறிப் புத்தருக்கு ஊதுபத்தி வைக்கிறார்கள்.

புதன், அங்கோர் வாட்

விடிவதற்கு முன்பே போய்விட்டேன். கூட்டம் முழுக்கக் குளக்கரையில் கேமராவோடு நின்றது. நான் நேரே தெற்குப் பிரகாரத்துக்குப் போனேன். இரண்டாம் சூரியவர்மன் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். குடைகள், சாமரங்கள், காலடியில் அமைச்சர்கள். அப்புறம் யானை மேல் ஏறிப் படையோடு போகிறான். அந்தப் படையில் சியாம் நாட்டு (இன்றைய தாய்லாந்து) வீரர்களும் வருகிறார்கள். அவர்கள் மட்டும் வரிசை கலைந்து, தொங்கல் ஆடையோடு, வேறு மாதிரி நடக்கிறார்கள்.

அவன் அரியணைக்கு வந்த விதத்தைக் கல்வெட்டே சொல்கிறது. போர்க்களத்தில் எதிரி அரசனின் யானைத் தலை மேல் பாய்ந்து, மலைமுகட்டில் கருடன் பாம்பைக் கொல்வதுபோல் அவனைக் கொன்றானாம். கொல்லப்பட்டது அவனுடைய சொந்தத் தாத்தா முறை உறவினர் என்றே வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள். கருடன் என்ற உவமை தற்செயலாக வந்தது இல்லை என்று நினைக்கிறேன். அதுவரை இந்த அரசர்களின் பெருங்கோயில்கள் பெரும்பாலும் சிவனுக்கு. இவன் விஷ்ணுவை எடுத்துக்கொண்டான். இறந்த பிறகு இவனுக்குக் கிடைத்த பெயர் 'பரமவிஷ்ணுலோகன்'. மேற்குப் பிரகாரத்தின் தென்பாதியில் குருக்ஷேத்திரம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே மூலை திரும்பினால் இவனுடைய ஊர்வலம் வருகிறது. உறவினரைக் கொன்று நாட்டைப் பிடித்த ஒருவனுக்கு, உறவினரைக் கொல்வது தர்மம் என்று சொல்லும் கதையைவிடப் பொருத்தமான முன்னுரை எது இருக்க முடியும்?

நம் பக்கம் ஒரு சின்னச் செய்தி. அதே காலத்தில், 1114-ஆம் ஆண்டுச் சிதம்பரம் கல்வெட்டு ஒன்று, காம்போஜ அரசன் முதலாம் குலோத்துங்கனுக்குக் கொடுத்த ஒரு கல்லைக் கோயிலில் பதித்ததாகக் குறிப்பிடுகிறது. கடலுக்கு அப்பால் இருந்தாலும் ஒருவரையொருவர் அறிந்துதான் இருந்திருக்கிறார்கள்.

வெளியே வரும்போது மேற்கு வாயிலில் எட்டுக் கை விஷ்ணு. ஆளைவிட ஏறக்குறைய இரு மடங்கு உயரம், மஞ்சள் துணி போர்த்தி, மாலை போட்டு நிற்கிறார். உள்ளூர்க்காரர்கள் அவரை 'தா ரீச்' என்று கும்பிடுகிறார்கள், ஊரைக் காக்கும் மூதாதைத் தெய்வமாக. கல்யாணம் ஆன ஜோடி ஒன்று வந்து வணங்கிவிட்டுப் போனது. கோயிலின் நடுக் கருவறையில் இருந்த விஷ்ணு எப்போதோ போய்விட்டார். இப்போது அங்கே புத்தர்கள். வாசலில் நிற்பவருக்கு மட்டும் பூசை நிற்கவில்லை.

வியாழன், பாயோன்

இன்று முழுக்க ஒரே கோயில். வேறெங்கும் போக மனம் வரவில்லை.

சூரியவர்மன் சாம்பா நாட்டின் மேல் படையெடுத்தான். இன்றைய வியட்நாமின் நடுப்பகுதி அது. 1145-ல் விஜயா நகரைப் பிடித்தான், சில ஆண்டுகளில் இழந்தான். அவனுக்குப் பின் அரண்மனைக் கலகங்கள். கடைசியில் 1177-ல் சாம்பா நாட்டுச் சாம் படை மீகாங் ஆறு வழியாக ஏறி, தோன்லே சாப் ஏரியைக் கடந்து, அங்கோருக்குள் புகுந்து அரசனைக் கொன்றது என்று சீனப் பதிவுகள் சொல்கின்றன. அந்த ஆண்டையும் தாக்குதலின் அளவையும் பற்றி அறிஞர்களுக்குள் விவாதம் உண்டு. போரே நடக்கவில்லை என்று யாரும் சொல்வதில்லை.

அந்த இடிபாட்டிலிருந்து எழுந்தவன்தான் ஏழாம் ஜெயவர்மன். 1181-ல் முடிசூடியபோது அவன் நடுவயதைத் தாண்டியவன். புதிய தலைநகர் அங்கோர் தோமைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் மூன்று கிலோமீட்டர் மதில், எட்டு மீட்டர் உயரம், வெளியே நூறு மீட்டர் அகல அகழி. ஒரு நகரம் எவ்வளவு பயந்திருந்தால் இப்படிக் கட்டும்! வாயில்களில் தேவர்களும் அசுரர்களும் நாகத்தைப் பிடித்து இழுக்கிறார்கள், பக்கத்துக்கு 54 பேர். நட்ட நடுவில் பாயோன். கோபுரமெல்லாம் முகங்கள், இருநூறுக்கும் மேல். கருணையின் போதிசத்துவரான லோகேஸ்வரரா, அரசனா, பிரம்மாவா என்று இன்றும் விவாதிக்கிறார்கள். எந்தப் பக்கம் நடந்தாலும் யாரோ ஒருவர் கண்ணில் படுகிறோம். அடிபட்ட ஊருக்கு அது ஆறுதலாக இருந்திருக்கலாம். கீழே நின்ற குடிமகனுக்குக் கண்காணிப்பாகவும் இருந்திருக்கலாம். எனக்கு இரண்டுமே தோன்றியது.

தெற்குச் சுவரில் கடற்போர்போல் ஓர் ஏரிப்போர். சாம் வீரர்கள் கவிழ்த்த தாமரை போன்ற தலைக்கவசம் போட்டிருக்கிறார்கள். க்மேர், அதாவது கம்போடிய, வீரர்களுக்கு ஒட்ட வெட்டிய முடி, வெறும் தலை. படகிலிருந்து விழுந்தவர்களை முதலை கவ்வுகிறது. அந்தப் படகுகளுக்கு நேர் கீழே, அதே கல்லில், பெண்கள் மீன் விற்கிறார்கள், சேவல் சண்டை நடக்கிறது, ஒருவர் அடுப்பூதுகிறார், ஒருத்திக்குப் பிரசவம் ஆகிறது. ஓர் அரசன் கட்டிய கோயிலில் இத்தனை சாதாரண சனங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. வெகு நேரம் அங்கேயே நின்றேன்.

அந்த அரசன் ஏன் பௌத்தத்துக்குப் போனான்? அவன் தந்தையும் பௌத்தர்தான், அதனால் அவனுக்கு அது புதிதில்லை. ஆனால் அரசின் மதமாக அதை ஆக்கியது வேறு விஷயம். பழைய ஏற்பாட்டில் அரசனுக்கு ஒரு சாமி, அந்தச் சாமி நாட்டைக் காக்கும் என்பது கணக்கு. எதிரி உள்ளே வந்துவிட்டான். காவல் தவறிய பிறகு பழைய மந்திரத்தையே திரும்பச் சொன்னால் யார் நம்புவார்கள்? அவனுக்குப் புதிய காரணம் வேண்டியிருந்தது: நான் ஆள்வது வென்றதால் மட்டும் இல்லை, உங்கள் துன்பத்தைத் தீர்ப்பதற்காக.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. பாயோனுக்கு வடக்கே உள்ள பிமியனகாஸ் கோயில் கல்வெட்டை எழுதியது ஒரு பெண், அரசி இந்திராதேவி. சமஸ்கிருதத்தில், செய்யுளாக. தன் தங்கை ஜெயராஜதேவியைப் பற்றி எழுதியிருக்கிறாள். கணவன் ஜெயவர்மன் சாம்பாவில் இருந்த காலத்தில் தங்கை விரதமிருந்து வாடினாள். அக்காள்தான் அவளுக்குப் புத்தரின் வழியைக் காட்டினாள். அந்தப் பயிற்சியில் பிரிந்து போன கணவனின் உருவத்தைத் தன் முன்னே கண்டாள் என்கிறது கல்வெட்டு. தங்கை இறந்தபின் இந்திராதேவியே அரசியானாள், பௌத்த மடத்தில் பெண்களுக்குப் பாடமும் சொன்னாள். போருக்குப் போனவனை நினைத்து வீட்டில் உட்கார்ந்திருந்த பெண்கள் வழியாகவும் இந்த மதம் அரண்மனைக்குள் ஊறியிருக்கிறது. அரசர் பட்டியல் போடும் புத்தகங்கள் இதைப் பெரும்பாலும் ஒரு வரியில் முடித்துவிடுவது எனக்கு வருத்தம்.

வெள்ளி, ப்ரியா கான், தா ப்ரோம்

ப்ரியா கான் நின்ற இடத்தில்தான் சாம்களோடு பெரும் சண்டை நடந்து வெற்றி கிடைத்தது என்று கருதப்படுகிறது. பழைய பெயரே 'ஜெயஸ்ரீ'. 1191-ல் ஜெயவர்மன் அங்கே தன் தந்தையின் சாயலில் லோகேஸ்வரர் சிலையை வைத்தான். ஐந்து ஆண்டு முன்னால், 1186-ல், தா ப்ரோமில் தாயை ஞானத்தின் பெண் வடிவமான பிரஜ்ஞாபாரமிதையாக வைத்திருந்தான். தாய் ஞானம், தந்தை கருணை, அவர்களுக்குப் பிறந்தவன் புத்தர். குடும்பப் படமே மதக் கோட்பாடு ஆகிவிட்டது.

ஆனால் அவன் மற்ற சாமிகளை விரட்டவில்லை. ப்ரியா கானின் மேற்குப் பக்கம் விஷ்ணுவுக்கு, வடக்கு சிவனுக்கு, தெற்கு முன்னோர் அரசர்களுக்கு. சண்டை முடிந்த நாட்டில் எல்லாரையும் ஒரே கூரைக்குள் கொண்டுவரும் வேலை இது. நடுவில் யார் என்பதை மட்டும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை.

தா ப்ரோம் கல்வெட்டில் உள்ள எண்களைக் கையில் எழுதி வைத்துக்கொண்டு நடந்தேன். அந்த ஒரு கோயிலுக்குச் சேவை செய்ய 3,140 ஊர்கள், 79,365 பேர். ஆடல்மகளிர் மட்டும் 615. நாடு முழுக்க 102 மருத்துவசாலைகள் என்றும் அதே கல்வெட்டு சொல்கிறது. அவற்றுக்கு அரிசி அளக்க இன்னொரு 838 ஊர்கள். மருத்துவசாலைகளின் தலைமைத் தெய்வம் மருந்துப் புத்தரான பைஷஜ்யகுரு. நான்கு வருணத்தாருக்கும் மருத்துவம் உண்டு என்று வெட்டியிருக்கிறார்கள். தேன், சர்க்கரை, எள், மிளகு, கற்பூரம் என்று மருந்துச் சரக்குப் பட்டியல் நீள்கிறது. குடிகளின் உடல்நோய் தனக்கு மனநோய் ஆயிற்று, தன் நோயைவிட நாட்டின் நோயே அரசனுக்கு வலி என்று அந்தக் கல்வெட்டுகளில் ஒரு செய்யுள் உண்டு. தா கேவ் கோயிலுக்கு எதிரே மருத்துவசாலைக் கோயில் ஒன்று இன்னும் நிற்கிறது, சிறியது, யாரும் இறங்கிப் பார்ப்பதில்லை. நான் அந்தச் செய்யுளை அங்கே நின்று படித்தேன். அதை வெறும் அரசியல் என்று என்னால் ஒதுக்க முடியாது. வெறும் கருணை என்றும் சொல்ல மாட்டேன். இதே அரசன் சாம்பாவை அடித்து, 1203-லிருந்து சுமார் பதினேழு ஆண்டு தன் ஆட்சிக்குள் வைத்திருந்தான். அரிசி அளந்த அந்த ஊர்களில் யார் விரும்பி அளந்தார்கள், யார் போரில் பிடிபட்டு வந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

அப்புறம் உளி. ப்ரியா கான் சுவர்களில் வரிசையாக மாடங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு புத்தர் இருந்திருக்க வேண்டும். இப்போது வெறும் கொத்திய தழும்பு. சில இடங்களில் புத்தரை அழிக்காமல் தாடி வைத்துக் கைகூப்பிய முனிவராக்கிவிட்டார்கள். தா ப்ரோமிலும் அப்படித்தான். இது பெரும்பாலும் 13-ஆம் நூற்றாண்டின் எட்டாம் ஜெயவர்மன் காலத்தில் நடந்தது என்பது பொதுவான கருத்து. அவன் சைவன். சைவச் சூழலில் வளர்ந்த எனக்கு, அந்தத் தழும்புகளில் விரலை வைத்தபோது கஷ்டமாக இருந்தது. கோபத்தில் உடைத்த மாதிரி இல்லை. அளந்து, வரிசையாக, கூலி கொடுத்துச் செய்த வேலை. முந்தைய அரசன் அதிகாரத்தை எங்கே வைத்திருந்தான் என்று தெரிந்தவர்கள் அங்கேதான் கை வைத்திருக்கிறார்கள்.

சனி, மழை

வெளியே போகவில்லை. மதியம் பக்கத்துக் கடையில் நும் பன் சோக், அரிசி நூடுல்ஸ் மேல் மீன் குழம்பு, நிறையப் பச்சிலை. சாப்பிட்டுவிட்டு அறையில் உட்கார்ந்து சௌ தாகுவானின் குறிப்புகளை மறுபடியும் படித்தேன். 1296-ல் சீனத் தூதுக்குழுவோடு வந்து ஓராண்டு போல இங்கே தங்கியவர்.

அவர் பார்த்த அங்கோரில் மூன்று கூட்டத்தார் இருக்கிறார்கள். படித்த பண்டிதர்கள், தலை மழித்து மஞ்சள் உடுத்தி ஒருவேளை சோறு உண்ணும் துறவிகள், அப்புறம் ஒரு கல்லை மட்டும் வணங்கும் தவசிகள், அதாவது லிங்க வழிபாட்டுக்காரர்கள். இந்த மூன்றாவது கூட்டத்தாரின் கோயில்கள் பௌத்தக் கோயில்கள் அளவுக்குச் செழிப்பாக இல்லை என்கிறார். புத்தரைச் செதுக்கி எடுத்த ஆட்சி முடிந்து ஓரிரு ஆண்டுதான் ஆகியிருந்தது!

அதிகாரத்தைப் பற்றியும் எழுதியிருக்கிறார். புதிய அரசன் பழைய அரசனின் மருமகன், படைத் தொழில் செய்தவன். அரசன் மகள் தங்க வாளைத் திருடிக் கணவனிடம் கொடுத்துவிட்டாள். மகன் எதிர்த்தான், அவனைப் பிடித்து இருட்டறையில் அடைத்தார்கள். புதிய அரசன் உடம்புக்குள் புனித இரும்பு பதித்திருக்கிறான், வாளும் அம்பும் அவனைத் தொடாது, அந்தத் துணிச்சலில்தான் வெளியே வருகிறான் என்கிறார். சியாமியரோடு நடந்த சண்டையில் நாட்டுப்புறமே பாழாகிக் கிடந்தது என்பதும் அவர் எழுத்தில் இருக்கிறது.

மஞ்சள் உடுத்திய அந்தத் துறவிகளின் மதம்தான் நிலைத்தது. இந்த மருமகன் காலத்தில், 14-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பாலி மொழியில் கல்வெட்டு வருகிறது. தேரவாதத் துறவிக்கு மூவாயிரம் ஊர் வேண்டாம். ஒரு மரக்கூடம், ஒரு கிராமம், காலையில் சோறு போடச் சில வீடுகள், அவ்வளவு போதும். 1431-ல் சியாமியரின் அயுத்தயா அரசின் படை அங்கோரைப் பிடித்து, பின்னர் தலைநகரமும் தெற்கே போனபோது, தேவராஜனின் மதம் தங்க இடமில்லாமல் போயிற்று. கிராமத் துறவியோ எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. அங்கோர் வாட்டும் அந்தத் துறவிகளால்தான் காடாகாமல் தப்பியது. 1632-ல் ஜப்பானிலிருந்து வந்த ஒரு யாத்ரீகர் அங்கே தூணில் மையால் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார், புத்தர் சிலைகள் நான்கு கொண்டு வந்ததாக.

ஞாயிறு, வாட் த்மேய்

காலையில் அங்கோர் தோமுக்குள் ஒரு சின்ன மேடைக்குப் போனேன். பாயோனின் நடுக் கருவறையில் இருந்த மூலப் புத்தர் இப்போது அங்கே இருக்கிறார். நாகம் குடை பிடிக்க அமர்ந்தவர், 3.6 மீட்டர் உயரம். யாரோ துண்டு துண்டாக உடைத்துக் கருவறைக்கு அடியில் குழியில் போட்டிருந்தார்கள். 1933-ல் ஜார்ஜ் த்ரூவே என்ற பிரெஞ்சுத் தொல்லியலாளர் தோண்டி எடுத்தார். ஒட்டிய தையல்கள் கழுத்திலும் மார்பிலும் தெரிகின்றன. வெள்ளை உடுத்திய பாட்டி ஒருவர் அங்கே ஊதுபத்தி விற்கிறார். இவரை யார் உடைத்தார்கள் என்று ஓட்டுநர் தம்பி மூலமாகக் கேட்டேன். "போல் பாட் ஆட்கள்" என்றார் உடனே. எழுநூறு ஆண்டுக்கு முந்தைய உளியையும் அவர் தன் வாழ்நாளில் கண்ட உளியோடு சேர்த்துவிட்டார். நான் திருத்தவில்லை.

அங்கிருந்து வாட் த்மேய். கண்ணாடி பதித்த தூபிக்குள் மண்டையோடுகள். 1975 முதல் 1979 வரை இந்தப் பகுதியில் கொல்லப்பட்டவர்கள். போல் பாட்டின் கம்யூனிஸ்ட் இயக்கமான கெமர் ரூஜ் தன் கொடியில் அங்கோர் கோபுரங்களை வைத்துக்கொண்டது, துறவிகளின் காவியைக் கழற்றியது. 1976 அரசியல் சட்டத்தின் 20-ஆம் பிரிவு 'பிற்போக்கு மதங்களை' அடியோடு தடை செய்தது. விகாரைகள் நெல் குதிர்களாகவும் சிறைகளாகவும் ஆயின. முன்பு சாமியை மாற்றியவர்கள் எல்லாரும் வேறொரு சாமியைக் கொண்டுவந்தார்கள். இவர்கள் அந்த இடத்தில் கட்சியை வைத்தார்கள்.

பௌத்தம் மறுபடியும் எழுந்த விதத்தைச் சொல்ல வேண்டும். 1979 செப்டம்பரில், ப்னோம் பென்னின் உண்ணாலோம் விகாரையில், வியட்நாமிலிருந்து வந்த தேரவாதத் துறவிகள் முன்னிலையில் ஏழு பேர் மீண்டும் காவி உடுத்தினார்கள். ஐம்பது வயதுக்குக் கீழ் யாரும் துறவியாகக் கூடாது என்று புதிய அரசு விதித்தது. இளைஞர்கள் அப்போது படைக்குத் தேவைப்பட்டார்கள். 1989-ல் பௌத்தம் மறுபடி அரச மதம் ஆனது. 1993-ல் மன்னராட்சியும் திரும்பியது. உள்நாட்டுப் போரை முடிக்க நினைத்தவர்கள் முதலில் தேடியது இந்தத் துறவிகளைத்தான். அதிகாரத்தில் இருப்பவர்கள் இன்றும் அவர்களை விடுவதாக இல்லை. புது மண்டபத்தில் நன்கொடையாளர் பெயர்ப் பலகையைப் பார்த்தாலே தெரிகிறது.

வளாகத்துப் பள்ளியில் சின்னப் பிக்குகள் இருவர் ஆங்கில வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். மூத்தவனுக்குப் பதினான்கு வயதிருக்கும். எங்கிருந்து வருகிறேன் என்று கேட்டான், சொன்னேன். "உங்கள் ஊரில் புத்தர் உண்டா?" என்றான். நாகப்பட்டினத்து விகாரையைப் பற்றிச் சொன்னேன், ஸ்ரீவிஜய அரசன் கட்டியது, ராஜராஜன் ஊர் கொடுத்தது என்று. இப்போது அங்கே யார் இருக்கிறார்கள் என்று கேட்டான். கட்டடம் இல்லை, 19-ஆம் நூற்றாண்டில் இடித்துவிட்டார்கள், வெண்கலப் புத்தர்கள் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறார்கள் என்றேன். அதைத் தன் தம்பிக்கு க்மேரில் சொல்லிவிட்டு, வாய்ப்பாட்டைத் தொடர்ந்தான்.

நாளை பந்தே ச்மார் கோயில். தாய்லாந்து எல்லைப் பக்கம், இங்கிருந்து இரண்டரை மணி நேரமாவது ஆகும். அங்கேயும் ஜெயவர்மன் சாம் போரைச் சுவரில் செதுக்கியிருக்கிறான், பல கைகளோடு லோகேஸ்வரரும் உண்டு. உள்நாட்டுப் போர் ஓய்ந்துகொண்டிருந்த 1998-ல் அந்தச் சுவரின் ஒரு பகுதியையே பெயர்த்து லாரியில் எல்லை கடத்தினார்கள். பிடிபட்ட பலகைகள் ப்னோம் பென் அருங்காட்சியகத்துக்குத் திரும்பிவிட்டன. மீதிச் சுவரைப் பார்க்க வேண்டும். வண்டி காலை ஐந்தரைக்கு.